ஒரு ஸ்டாப் சூடு

தோட்டத்துக் கலியாணங்களில் ஃப்ளாஷ் சூடேறி நிற்பது பெரும்பாலும் பந்தி ஓடும் நேரத்தில்தான். முகூர்த்தம் முடிந்திருக்கும். மணவறைக்கு முன்னால் பெரியப்பா குடும்பம், அத்தை குடும்பம், கொழும்புக் கடைகளில் நிற்கும் தம்பிமார், அடுத்த டிவிசன்காரர்கள் என்று ஒரு கூட்டம் இறங்கும்போதே மற்றொன்று ஏறிவிடும். "தம்பி, அம்மாயியையும் வச்சு இன்னொன்னு எடுங்க" என்று குரல் வரும். மேலே தகரக் கூரை. எங்கள் பதுளை நகரம் 680 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மலைநாடு என்பதற்காக மத்தியானத்தில் குளிர்ந்துவிடாது. ஃப்ளாஷ் ஹெட்டின் ஃபேன் இரையும், சார்ஜ் ஏற நேரமெடுக்கும், பிறகு சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும்.

அந்த வரிசையை நிறுத்திவைக்க எனக்கு மனம் வராது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இந்த மலைகளில் நிறைய. எல்லாரும் ஒன்றாக நிற்கும் ஒரு படம் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரியது என்பது லயத்துக் காம்பராவின் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ஃப்ளாஷ் நிற்காமல் பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலில் என் முதல் கடமை.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. 200 ஜூல் ஹெட் ஒன்றை முழுச் சக்தியில், மூன்று செக்கனுக்கு ஒரு தடவை அடிக்கிறோம் என்று வைப்போம். நிமிடத்துக்கு இருபது அடி, 4,000 ஜூல். சராசரியாக 67 வாட். ஸெனான் குழாய்க்குள் போகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி கடைசியில் வெப்பமாகத்தான் ஹெட்டுக்குள் தங்குகிறது. ஆனால் அதே ஹெட்டில் எரியும் மொடலிங் லேம்ப் ஹலஜன் என்றால் 150 வாட், சிலதில் 250. அடிக்கும் ஃப்ளாஷைவிட, அடிக்காதபோதும் எரிகிற லேம்ப் இரண்டு மடங்குக்கு மேல் சூடாக்குகிறது! கலியாண மண்டபத்தில் அந்த லேம்புக்கு வேலையே இல்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும். இதைச் செய்தாலே பல ஹெட்டுகள் மாலைவரை தாங்கும்.

அடுத்தது காற்று. தேயிலை ஸ்டோரில் கொழுந்தை வாடப் போடும்போது தொட்டிக்கு அடியிலிருந்து ஃபேன் காற்றைத் தள்ளும். கொழுந்தைத் தடிப்பாகக் கொட்டிவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனாலும் பயனில்லை. ஹெட்டும் அப்படித்தான். சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் துணித் தூசும் காற்றுத் துவாரத்தில் படிந்தால் ஃபேன் சுழன்றுகொண்டேயிருக்கும், சூடு மட்டும் வெளியே போகாது. மெல்லிய பிரஷ்ஷால் துவாரங்களைத் துடைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். மூடியைக் கழற்றுவதில்லை. உள்ளே இருக்கும் கபசிட்டர் சுவிட்சை அணைத்த பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அது ஆளைக் கொல்லும். சிவப்பு விளக்கு எரியாதபடி வெப்பக் காப்பைத் துண்டித்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் ஹெட்டைக் கொடுக்கவே கூடாது. அந்தக் காப்பு நம்மைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்காகவும் வைத்தது.

கெமராவில் பொருத்தும் சின்ன ஃப்ளாஷ் இன்னும் மென்மையானது. கெனனின் 580இஎக்ஸ் டூ கையேடு, தொடர்ந்து இருபது தடவை அடித்தால் பத்து நிமிடமாவது ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் போன காலத்தில் பற்றரி ஃப்ளாஷை நம்பித்தான் ஸ்டூடியோக்கள் ஓடின. அப்போது அந்த வரியின் அர்த்தம் எங்களுக்கு நன்றாக விளங்கியது. ஃப்ளாஷும் சுடும், பற்றரியும் சுடும். இரண்டு ஃப்ளாஷை மாறி மாறிப் பாவிப்பதும், பற்றரிகளை நான்கு நான்காகப் பிரித்து ஆறவிட்டு மாற்றுவதும் அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. "கொஞ்சம் வெள்ளையா வர்ற மாதிரி எடுங்கண்ணே." மணப்பெண்ணின் அக்கா மெதுவாக வந்து சொல்வார். வெயிலில் கொழுந்தெடுத்துக் கறுத்த கைகளைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பல படப்பிடிப்பாளர்கள் உடனே சக்தியை ஒரு ஸ்டாப் கூட்டிவிடுவார்கள். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு சக்தி, ஹெட்டுக்குள் இரண்டு மடங்கு சூடு. முகத்தில் நெற்றியும் கன்னமும் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும், மற்ற இடமெல்லாம் சாம்பல் பூக்கும். அந்தப் பெண் அங்கே இருக்கமாட்டாள்.

கறுத்த தோலுக்கு அதிகச் சக்தி தேவையில்லை. பெரிய ஒளி, பக்கத்தில் வேண்டும். மூன்று மீட்டரில் நிற்கும் சொஃப்ட்பொக்ஸை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்தால், ஏறக்குறைய கால்வாசிச் சக்தி போதும். ஒளி முகத்தைச் சுற்றி வழிந்து, கன்னத்தின் ஓரத்தில் அகலமான மென்மையான மினுக்கமாக விழும். கறுப்பின் ஆழம் அப்படியே நிற்கும். படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்துபோனார். தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களை அவர் எடுத்த படங்களில் ஃப்ளாஷ் இல்லை, பகல் வெளிச்சம் மட்டும்தான். அந்த முகங்களை யாரும் வெளுக்கவைக்கவில்லை. அந்தக் கறுப்பில்தான் அவற்றின் கம்பீரம் இருக்கிறது.

குடும்பப் படத்தில் பதினைந்து பேர் நின்றால் ஒளியைக் கிட்டக் கொண்டுபோக முடியாது. அங்கே ஐ.எஸ்.ஓ.வை 100இலிருந்து 400க்கு ஏற்றுகிறேன். 200 ஜூல் கேட்ட இடத்தில் 50 போதும்; 67 வாட் என்ற கணக்கு 17ஆகக் குறையும். இன்றைய கெமராக்களில் 400இல் எடுத்த படத்தைப் பெரிய அளவில் அச்சிட்டாலும் குறை தெரியாது. ஃபிலிம் காலத்துப் பழக்கத்தில் 100ஐ விட்டு நகராதவர்கள்தான் சிவப்பு விளக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் அடையாள அட்டைப் படத்துக்குக் கூட்டமாக வரும் காலத்திலும் இதே முறைதான். ஆட்பதிவுத் திணைக்களம் முகத்தில் நிழல் இல்லாத சீரான ஒளியைக் கேட்கிறது. இரண்டு ஹெட், இரண்டும் குறைந்த சக்தியில், எல்.ஈ.டி. மொடலிங் லேம்புடன். அந்தப் படத்தோடுதான் அந்தப் பிள்ளை வங்கிக்கும் வேலைக்கும் போகப்போகிறது. தோலின் நிறம் அதில் உண்மையாக இருக்கவேண்டும்.

ஹப்புத்தளைக்கு ஏறினால் கதை மாறும். 1,400 மீட்டருக்கு மேல் காற்று, கடல் மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. ஃபேன் அவ்வளவு வெப்பத்தை அள்ளாது. ஆனாலும் குளிர் அதைச் சரிக்கட்டிவிடும். அங்கே கவனம் வேலை முடிந்த பிறகுதான் வேண்டும். சூடான ஹெட்டை மூடுபனிக்குள் கொண்டுபோனால் சூட்டுக் கண்ணாடியில் ஈரத்துளி பட்டு விரிசல் விழலாம். நன்றாகக் குளிர்ந்த ஹெட்டை நெரிசலான மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் உள்ளேயே நீர் கோக்கும். லேம்பை அணைத்து, ஃபேனைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்ற பிறகே பையில் வைத்து மூடுகிறேன். ஆட்டோக்காரர் வெளியே ஹோர்ன் அடிப்பார். அவரைக் கூப்பிட்டு ஒரு பிளேன்டி குடிக்கச் சொல்லுங்கள்.