ஊறுகாய் போட்ட தோல்

‘பிக்லிங்’ என்று ஆசிரியர் போர்டில் எழுதியபோது பின் பெஞ்சில் ஒருவன், “சார், மாங்காயா, எலுமிச்சையா?” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நண்பர்களே, அந்த ஊறுகாயை எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒருமுறை நான் போட்டுப் பார்த்தேன். அந்தக் கதைதான் இது.

பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். அப்பா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். ‘டிப்ளமோ படிக்கிறேன்... இவருக்கு என்ன தெரியும்?’ என்ற நினைப்பு எனக்கு. கறிக்கடையில் ஓர் ஆட்டுத் தோல் வாங்கினேன். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி எடுத்து, சுண்ணாம்பு போகக் கழுவி நிறுத்தேன். சரியாக ஒரு கிலோ. கணக்கு எனக்கு மனப்பாடம்: தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு 100 கிராம், கந்தக அமிலம் 10 மில்லி. அமிலத்தைத்தான் பத்து மடங்கு தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அதெல்லாம் சரியாகவே செய்தேன்.

அம்மாவின் உப்பு ஜாடியில் 40 கிராம்தான் இருந்தது. ‘உப்புதானே, போதும்’ என்று மூன்று தவணையாக அமிலத்தை ஊற்றிவிட்டேன். அரை மணியில் தோல் ரப்பர் மாதிரி உப்பிக்கொண்டது! அப்பா வந்தார். பி.எச். பேப்பர் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, “உப்பு போதலடா. உப்புதான் தோலை அமுக்கிப் பிடிக்கும். அது இல்லாம ஆசிட் போனா தோல் தண்ணியைக் குடிச்சி வீங்கிடும்” என்றார். தங்கையைக் கடைக்கு ஓடவிட்டு உப்பு வாங்கிப் போட்டோம். வீக்கம் மெல்ல வடிந்தது.

மறுநாள் ஓரத்தை வெட்டி, காலேஜில் வாங்கி வந்த புரோமோகிரசால் பச்சைச் சொட்டை விட்டேன். வெட்டுவாய் முழுக்க மஞ்சள். நடுவில் நீலக்கோடு இல்லை. அமிலம் உள்வரை போயிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். “சுண்ணாம்பு போட்டு ஆசிட்டை முறிச்சிடறேம்ப்பா” என்றேன்.

“ஆசிட் முறியும். உப்பு எங்கடா போவும்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பைப் பரீட்சைக்கு ஐந்து மார்க்குக்குப் படித்தவன் நான். அப்பாவோ எங்கள் கிணற்றைக் காட்டினார். சின்ன வயதில் அவர் குடித்த தண்ணீர் அது. இன்று துணி துவைத்தால் சோப்பு நுரைப்பதில்லை. “அதுல நான் கொட்டினதும் இருக்குது” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

முறித்த தண்ணீரை அகலமான தொட்டியில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். சில நாளில் வற்றி, அடியில் அழுக்கு வெள்ளையாய் உப்பு படிந்தது. தோல் படிக்காரத்தில் பதமாகி, இப்போது அப்பாவின் மணிபர்ஸாக இருக்கிறது. வீங்கிய இடத்தில் கொஞ்சம் சுருக்கம். உப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் என் மேஜைமேல் இருக்கிறது.

ஒரு தோலுக்கே இவ்வளவு. ஒரு நாளைக்கு ஆயிரம் தோல் ஊறும் இடத்தில்? தம்பிகளே, தங்கைகளே! விடை தெரிந்தவர்கள் அடுத்த மலரில் எழுதுங்கள். அதுவரை அந்தப் பையை நான் எங்கும் கொட்டமாட்டேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், தோல் தொழில்நுட்பப் பிரிவு