மடக்கி வைக்கும் பாலம்

சுவிட்சர்லாந்தின் உர்செரன் பள்ளத்தாக்கில் உள்ள ரியால்ப் என்ற சிற்றூரிலிருந்து ஃபுர்கா கணவாய்க்கு ஏறும் நீராவி ரயில், பனி விலகி ஜூன் பிற்பகுதியில்தான் ஓடத் தொடங்கும். ரயில் ஓடும் நாட்களைவிட, அதற்கு முந்தைய வாரங்களின் வேலையே பார்க்கத் தகுந்தது என்பேன். ஸ்டெஃபென்பாக் ஓடையின் மேலுள்ள இரும்புப் பாலம் மூன்று துண்டுகளால் ஆனது. குளிர்காலத்துக்கு முன் வின்ச்சும் வடமும் கொண்டு அதை மடக்கிக் கரைகளோடு ஒதுக்கிவிடுகிறார்கள். பனி கரைந்ததும் விரித்துப் பூட்டுகிறார்கள். முதலில் அங்கே கட்டிய கல்பாலத்தைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனதால், 1925-இல் இந்த மடக்குப் பாலம் வந்தது. வடத்தின் இழுப்பைக் கவனிப்பவர், துளைக்கு நேரே துளை வருகிறதா என்று பார்ப்பவர், சைகை கொடுப்பவர் என எல்லோரும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் பாலம் உட்காரும். பிறகு பாதை. 1000 மீட்டருக்கு 118 மீட்டர் வரை ஏறும் சரிவு என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே, என்ஜினின் பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்காக ஓடும் பல்சட்டத்தில் ஒரு கல் சிக்கியிருந்தாலும் ஆபத்து. குளிர்காலம் உருட்டிவிட்ட கற்களை அகற்றி, அடைபட்ட வடிகால்களைத் திறந்து, அடி அடியாகப் பார்த்தாக வேண்டும்.

இந்த உழைப்பு வீண் என்போருக்கும் காரணம் இருக்கிறது. 1982-இல் ஃபுர்கா அடிவாரச் சுரங்கம் திறந்ததிலிருந்து ஆண்டு முழுவதும் ரயில் ஓடுகிறது. குளிர்காலத்தில் முடங்கியதாலேயே இந்த மலைப்பாதை கைவிடப்பட்டது. போக்குவரத்து என்று பார்த்தால் சுரங்கமே சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1992 முதல் கட்டம் கட்டமாகத் திறந்து, 2010-இல் ஓபர்வால்டு வரை இப்பாதையை மீட்ட தன்னார்வலர்கள் வேறொன்றையும் காப்பாற்றியிருக்கிறார்கள். நிலையான பாலத்தை ஒருமுறை கட்டினால், கட்டியவர்களோடு அந்த வித்தையும் போய்விடலாம். ஆண்டுக்கு இருமுறை கழற்றிப் பூட்ட வேண்டிய பாலம், ஆண்டுதோறும் புதிதாக ஒருவரைப் பழக்கச் சொல்கிறது. தொழிலைக் கையில் தங்க வைத்தது அந்தக் குளிர்காலம்தான்.

ஓய்வும் வசதியும் உள்ள நாட்டின் பொழுதுபோக்கு இது என்ற வாதமும் உண்டு. ஓரளவு உண்மைதான், கூலியில்லாமல் உழைக்க எல்லோராலும் முடியாது. ஆனால் பாய்லரின் அழுத்தம் தன்னார்வலர் என்று சலுகை காட்டாது. இந்தப் பாதையில் ஓடி, 1947-இல் வியட்நாமுக்கு விற்கப்பட்ட என்ஜின்களை 1990-இல் திரும்பக் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி மறுபடி ஓட வைத்ததைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த என்ஜின்கள் பிறந்தது வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில். நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் ஓடும் பழைய எக்ஸ் வகுப்பு என்ஜின்களின் தாய்வீடும் அதுவே. ஆப்ட் பல்சட்ட முறையும் இரண்டுக்கும் பொது. அங்கே பனி செய்வதை இங்கே மழையும் மண்சரிவும் செய்கின்றன. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை நம்முடையது. அதைச் சீராக்கும் கேங்மேன்களின் வேலைமுறையை, அவர்கள் ஓய்வு பெறும் முன்பே பதிவு செய்து, இளையவர்களுக்குப் பயிற்சியாக்கும்படி ரயில்வேயிடம் நாம் கேட்க வேண்டும்.