இருபத்தெட்டு நாள்

மார்ச் 17, 2025, திங்கள்
தம்பி என்று நாங்கள் கூப்பிடும் மகனின் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டேன். அலமாரிக்குள் அவன் போனில் மெசேஜ் வந்து விழும் சத்தம் கேட்டது. மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 22
"ஏற்காட்டுல ரெண்டு நாள் கூட்டமாம். பிள்ளைங்களப் பறிகொடுத்தவங்க மட்டும். போலாமாங்க?" அக்டோபரில் அவன் போன பிறகு, சோறு போடட்டுமா என்பதைத் தவிர அவள் என்னிடம் கேட்டது இதுதான். முன்பின் தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்து அழுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சரி என்றுவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி
சேலத்திலிருந்து பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவதிலேயே அவளுக்கு வாந்தி. முதுகைத் தடவிக் கொடுத்தேன். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

மார்ச் 29, சனி
நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் படிகளை யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவது என்றிருந்தேன். டாக்டர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிவிட்டு. மிச்சமிருப்பவர்களைப் பற்றி அல்ல. நடத்திய அம்மாவே அதைச் சொல்லிவிட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில், கோவென்ட்ரியில், சைமன் ஸ்டீபன்ஸ் என்ற பாதிரியார் மகனைப் பறிகொடுத்த இரண்டு தம்பதிகளைச் சந்திக்க வைத்தாராம். இந்த மாதிரிக் கூட்டங்கள் அங்கிருந்து வந்தவையாம்.

அப்படியா? மத்தியானம் ஆத்தூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருத்தர், "நாக்காலியில குந்திக்கிட்டு என்னத்தப் பேசறது" என்று தரையில் இறங்கிவிட்டார். பக்கத்துப் பெண்ணின் தோளில் கை போட்டார். அவ்வளவுதான், பெண்கள் எல்லோரும் வட்டமாகிவிட்டார்கள். பாட்டி பேரனுக்கு ஒப்பாரி எடுத்தார். என் மனைவியின் குரல் அதற்குள் எழும்பியது. எங்கள் ஃபிளாட்டில் தம்பியை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தது நாலு மணி நேரம். எதிர் வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது என்று அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள் அவள்.

ஆம்பளைகள் ஒவ்வொருவராக நழுவி வெளியே வந்தோம். எந்தச் சாவு வீட்டிலும் எங்களுக்கு வாசல் பெஞ்சுதானே. மழை பெய்து பத்து நாளாகியிருக்கும். காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மல்லிகை வாசம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் பக்கத்தில் நின்றார்.

"இங்க இருவது வளைவுங்க. எங்க கொல்லிமலைக்கு எழுபது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா ஸ்கூட்டி வீட்டுலயே நிக்குது. தினம் காலைல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவனுங்க. பேட்டரி எறங்கிப்போயிருமில்ல."

ரீசார்ஜ் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"எத்தன நாளுதுங்க?"

"இருபத்தெட்டு."

"எம்பத்திநாலு நாளுது போடுங்க சார், லாபம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். "தண்ணி வச்சிருக்கீங்களா?" என்றாள்.

மார்ச் 30
மிளகு கால் கிலோ வாங்கினோம். இறங்கும்போது வாந்தி இல்லை.

ஏப்ரல் 4
கூட்டமாவது மண்ணாவது. அவள் காலையிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பால் பொங்கி வழிந்ததற்கு நான் கத்தினேன்.

ஏப்ரல் 9
நாமக்கல்காரர் போன். "பேட்டரி மாத்திட்டனுங்க." "சரிங்க" என்றேன். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்
சித்திரை ஒண்ணு. இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. நேற்றோடு ரீசார்ஜ் முடிந்துவிட்டது. அலமாரியைத் திறந்து தம்பியின் போனை எடுத்தேன். சார்ஜ் நூறு காட்டியது. நான் ஒருநாளும் சார்ஜ் போட்டதில்லை.

இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இருபத்தெட்டா, எண்பத்திநாலா என்று கேட்கலாமென்று அவளைக் கூப்பிட்டேன். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள்.