எதிர்க்கரைப் பங்காளிகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கு முனையில், டோவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், செயின்ட் மார்கரெட்ஸ் பே என்று ஒரு சின்னக் கடற்கரை இருக்கிறது. பின்னால் சுண்ணாம்பு வெள்ளையில் செங்குத்தான பாறைச் சுவர். முன்னால் கடல். அங்கே போய் நிற்பவர்களின் செல்போன் சில நேரம் 'டிங்' என்று ஒலிக்கும். எடுத்துப் பார்த்தால், 'பிரான்ஸ் உங்களை வரவேற்கிறது' என்று மெசேஜ்! போனில் நேரமும் ஒரு மணி முன்னால் ஓடியிருக்கும்.

காரணம் எளிது. உள்ளூர் டவரின் சிக்னலைப் பாறை மறைத்துவிடுகிறது. எதிர்க்கரையில் இருக்கும் பிரான்ஸின் சிக்னல் தடையில்லாமல் வந்துவிடுகிறது. இந்த இடத்தில் இரு நாடுகளுக்கும் நடுவே இருக்கும் கடலின் அகலம் சுமார் 33 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் பிரான்ஸின் கரை வெறும் கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்களை பிரிட்டிஷ்காரர்கள் உண்மையில் எப்படிப் பார்க்கிறார்கள்? கேலி உண்டு, பொறாமை உண்டு, கோபம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளாத பாசமும் உண்டு. இத்தனையையும் சேர்த்துச் சொல்லத் தமிழில் ஒரே சொல் போதும்: பங்காளி.

பெயரிலேயே தகராறு

நடுவில் இருக்கும் கடலுக்கே இரண்டு பெயர். இங்கிலாந்தில் அது 'இங்கிலீஷ் சேனல்'. பிரான்ஸில் அது 'லா மான்ஷ்'. சட்டைக் கை போல நீளமாக இருப்பதால் அந்தப் பெயர். இங்கிலாந்தின் பெயரை அவர்கள் கிட்டவே சேர்ப்பதில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போவதற்கு ஆங்கிலத்தில் 'பிரெஞ்ச் லீவ்' என்று பெயர். அதே காரியத்தை பிரெஞ்சில் 'ஆங்கிலேயன் மாதிரி நழுவுவது' என்கிறார்கள். வாய் தவறிக் கெட்ட வார்த்தை வந்துவிட்டால், 'என் பிரெஞ்சை மன்னிக்கவும்' என்பார் பிரிட்டிஷ்காரர். தவளைக்கால் சாப்பிடுவதால் அவர்களுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர் 'தவளை'. மாட்டிறைச்சி ரோஸ்ட்டை விரும்பிச் சாப்பிடுவதால் இவர்களுக்கு அவர்கள் வைத்தது 'ரோஸ்பிஃப்'.

கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி 1994-ல் ரயில் விட்டபோதும் இந்தக் குறும்பு தொடர்ந்தது. பாரிஸிலிருந்து வரும் ரயில் லண்டனில் போய் நின்ற நிலையத்தின் பெயர் வாட்டர்லூ. 1815-ல் நெப்போலியன் தோற்ற இடத்தின் பெயர்! 2007-ல் அந்த ரயில்கள் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்துக்கு மாறும்வரை, பிரெஞ்சுப் பயணிகள் அந்தப் பெயர்ப் பலகையின் கீழேதான் இறங்கினார்கள்.

வடகிழக்கு இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் என்ற துறைமுக ஊரில் ஒரு பழங்கதை உண்டு. நெப்போலியன் போர்க் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அங்கே உடைந்ததாம். கரை ஒதுங்கியது ஒரே ஒரு குரங்கு. ஊர் மக்கள் அதுவரை பிரெஞ்சுக்காரரைப் பார்த்ததே இல்லை. ஆகவே அதையே பிரெஞ்சு ஒற்றன் என்று நினைத்து விசாரித்துத் தூக்கில் போட்டார்களாம். உண்மையில் நடந்ததற்குச் சான்று கிடையாது. ஆனாலும் ஊர் கால்பந்து அணியின் சின்னமே குரங்குதான். குரங்கு வேஷம் போட்டு மைதானத்தில் ஆடிய இளைஞர் 2002-ல் மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தும் விட்டார். 'பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம்' என்பது அவர் கொடுத்த வாக்குறுதி. பிரெஞ்சுக்காரரைக் கேலி செய்யப் போய், கடைசியில் தங்களையே பார்த்துச் சிரித்துக்கொள்ளும் ஊர் அது.

கோட்டைக்குள் பிரெஞ்சு

டோவர் மலை மேல் பிரம்மாண்டமான கோட்டை ஒன்று பிரான்ஸைப் பார்த்தபடி நிற்கிறது. பல நூற்றாண்டுகளாக எதிர்க்கரையைக் கண்காணித்த கோட்டை. அதன் நடுவில் இருக்கும் பெரிய கோபுரத்தைக் கட்டியவர் இரண்டாம் ஹென்றி மன்னர். அவர் பிறந்தது பிரான்ஸில்!

எல்லாம் 1066-ல் ஆரம்பித்தது. பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையில் பிரெஞ்சு பேசினார்கள், வயலில் ஆங்கிலம் பேசினார்கள். அதன் தடம் இன்னும் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. கொட்டிலில் நிற்கும்போது மாட்டுக்கும் பன்றிக்கும் ஆங்கிலப் பெயர். 'பீஃப்', 'போர்க்' என்று தட்டுக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர். மேய்த்தவர் மொழி ஒன்று, சாப்பிட்டவர் மொழி வேறு.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் அட்டையில் இருக்கும் அரச முத்திரையில் 'கடவுளும் என் உரிமையும்' என்ற வாசகம் பிரெஞ்சில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பெருமையில், பழைய நீல நிற பாஸ்போர்ட்டையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதைத் தயாரிக்கும் ஒப்பந்தம் 2018-ல் யாருக்குப் போனது தெரியுமா? ஒரு பிரெஞ்சு-டச்சு நிறுவனத்துக்கு. பத்திரிகைகள் கொதித்தன, பொதுமக்களில் பலர் சிரித்தார்கள்.

இந்தப் பங்காளிச் சண்டையின் அடி தமிழ் மண்ணிலும் விழுந்திருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. ஐரோப்பாவில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தின்படி பிறகு திருப்பிக் கொடுத்தது. 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் ரசிக்கும் பிரெஞ்சுத் தெருக்கள் அதன் பிறகு எழுந்தவை.

தொண்ணூறு நிமிடப் பயணம்

டோவரிலிருந்து கலே துறைமுகத்துக்கு ஃபெரியில் சுமார் ஒன்றரை மணி நேரம். கப்பல் ஏறும் முன்பே, டோவரிலேயே பிரெஞ்சு போலீஸார் பாஸ்போர்ட்டைச் சோதித்துவிடுகிறார்கள். அதே மாதிரி கலேயில் பிரிட்டிஷ் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் காவல் காக்கும் ஏற்பாடு.

கலே ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சொத்து. 1347-ல் பிடித்து, 1558 வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். ஊரைக் காப்பாற்றத் தங்கள் உயிரைத் தர முன்வந்த ஆறு பெரியவர்களின் சிலையை சிற்பி ரோதான் வடித்தார். அது கலேயில் நகர மண்டபத்தின் முன்னே இருக்கிறது. அதே சிலையின் இன்னொரு வார்ப்பு லண்டனில், பாராளுமன்றத்தை ஒட்டிய பூங்காவில் நிற்கிறது. முற்றுகையிட்ட நாடு, முற்றுகையை எதிர்கொண்டவர்களின் சிலையைத் தன் வாசலிலேயே வைத்திருக்கிறது.

இன்றைக்கு பிரிட்டிஷ்காரர்கள் கலேக்குப் போவது ஒயினுக்காக. அங்கே பெரிய ஒயின் கிடங்குகளின் வாசலில் பிரிட்டிஷ் நம்பர் பிளேட் கார்கள் வரிசையாக நிற்கும். வரி கட்டாமல் ஆளுக்கு 18 லிட்டர் கொண்டு வரலாம். இன்னும் வசதி உள்ளவர்கள் தெற்கே இறங்கி, தோர்தோன்ய் பகுதியில் பழைய கல்வீடு வாங்கி ஓய்வுக்காலத்தைக் கழிப்பார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, குடியிருப்பு அனுமதி இல்லாதவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்கலாம். அந்த வருத்தம் பலருக்கு உண்டு.

'ஊர் அருமை, மனுஷங்கதான் சரியில்லை' என்பது பிரிட்டிஷ்காரர்கள் பிரான்ஸைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் ஜோக். வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள், எதற்கெடுத்தாலும் ஸ்ட்ரைக் என்பார்கள். ஆனால் தங்கள் மேசையில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்ப்பவருக்கு, உட்கார்ந்து நிதானமாக மதியச் சாப்பாடு சாப்பிடுபவரைப் பார்த்தால் ஆசை வராதா? அந்த ஆசைதான் பாதிக் கேலியாக வெளியே வருகிறது.

டன்கிர்க் கடற்கரையில்

ஒரு கேலி மட்டும் வேறு ரகம். 'பிரெஞ்சுக்காரர்கள் சண்டை என்றால் கையைத் தூக்கிவிடுவார்கள்' என்பது. 1940-ல் ஹிட்லரிடம் பிரான்ஸ் வீழ்ந்ததை வைத்துச் சொல்வது. கலேயிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போய் டன்கிர்க் கடற்கரையில் நின்றால், அந்தக் கேலி தொண்டையில் சிக்கும்.

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை இந்த மணலிலிருந்து 3,38,226 வீரர்கள் இங்கிலாந்துக்கு மீட்கப்பட்டார்கள். டோவர் கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்க அறைகளிலிருந்துதான் அந்த வேலை நடந்தது. சின்னச் சின்னப் படகுகள்கூடக் கடலைக் கடந்த கதை பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

மீட்கப்பட்டவர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பிரெஞ்சு வீரர்கள் என்பதும், கடைசி நாட்களில் ஜெர்மன் படையைத் தடுத்து நின்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்து லீல் நகரில் சுற்றி வளைக்கப்பட்ட பிரெஞ்சுப் படை மே 31 வரை போராடி, ஜெர்மன் டிவிஷன்கள் பலவற்றைக் கட்டிப் போட்டது. கடைசிக் கப்பல் போன பிறகு டன்கிர்க்கில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் கைதானார்கள். அந்த ஆண்டு ஆறே வாரச் சண்டையில் இறந்த பிரெஞ்சு வீரர்கள் ஐம்பதாயிரத்துக்கும் அதிகம். கையைத் தூக்கியவர்கள் கணக்கு இப்படி இருக்காது.

அதற்கு அடுத்த மாதம், ஜூலை 3 அன்று, பிரான்ஸின் கப்பல்கள் ஹிட்லர் கைக்குப் போய்விடக் கூடாது என்று சர்ச்சில் அரசு ஒரு முடிவெடுத்தது. அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களை பிரிட்டிஷ் கடற்படை சுட்டது. 1,200-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு மாலுமிகள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால்வரை தோளோடு தோள் நின்றவர்கள். பிரான்ஸ் அதை மறக்கவில்லை. பிரிட்டனில் அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

பிரிட்டனுக்கும் ஒரு மனக்குறை உண்டு. நாடு விழுந்தபோது ஜெனரல் டி கோல் லண்டனில்தான் அடைக்கலம் புகுந்தார். பி.பி.சி. வானொலியில் பேசித்தான் தன் மக்களைப் போராட அழைத்தார். அதே டி கோல் அதிபரான பிறகு, ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் சேர 1963-லும் 1967-லும் குறுக்கே நின்றார். 'சோறு போட்ட வீட்டுக்கே கதவடைத்தார்' என்ற கசப்பு அந்தத் தலைமுறைக்குக் கடைசிவரை போகவில்லை.

இரண்டு மாலைகள்

2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல். 130 பேர் உயிரிழந்தார்கள். நான்கே நாள் கழித்து லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்து-பிரான்ஸ் கால்பந்துப் போட்டி. ரத்து செய்யவில்லை. மைதானத்தின் பெரிய வளைவில் நீலம், வெள்ளை, சிவப்பு விளக்குகள். பெரிய திரையில் பிரெஞ்சு தேசிய கீதத்தின் வரிகள் ஓடின. பல்லாயிரம் இங்கிலாந்து ரசிகர்கள், உச்சரிப்பு வந்தும் வராமலும், எதிரணியின் கீதத்தைச் சேர்ந்து பாடினார்கள்.

2017-ல் மான்செஸ்டரிலும் லண்டனிலும் தாக்குதல்கள் நடந்தன. அந்த ஜூன் மாதம் பாரிஸில் இதே இரண்டு அணிகள் மோதின. பிரெஞ்சு ராணுவ இசைக்குழு, மான்செஸ்டர்காரர்களான ஒயாசிஸ் குழுவின் பாடல் ஒன்றை மைதானத்தில் வாசித்தது. சாப்பாட்டையும் வரிசையையும் பற்றி அன்றைக்கு யாரும் ஜோக் அடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பழையபடி ஆரம்பித்திருப்பார்கள். சாயங்காலம் கலேயிலிருந்து திரும்பும் ஃபெரியில், ஒயின் பெட்டிகள் டிக்கியில் இருக்க, மேல்தளத்தில் நின்று அவர்கள் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிக் குறை பேசிக்கொண்டே வருகிறார்கள். வெள்ளைப் பாறைகள் பக்கத்தில் வரும்போது போன்கள் மறுபடியும் 'டிங்' என்கின்றன. பலர் அதற்குள் அடுத்த விடுமுறைக்குத் தேதி பார்த்திருப்பார்கள், பிரான்ஸுக்குத்தான்.