முள்ளுக்கும் செக்ரோலுக்கும் நடுவே

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் நிறுவை நடப்பதை மூன்று கட்டங்களில் வரைந்திருக்கிறேன். முதல் கட்டத்தில் கொக்கியில் தொங்கும் சாக்கு. அடுத்ததில் தராசு முள் 19இல் நிற்கிறது. மூன்றாவதில் கணக்கப்பிள்ளையின் பேனா செக்ரோல் பதிவேட்டில் 17 என்று எழுதுகிறது. வசனம் கிடையாது. தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழித்த 2 கிலோ எந்தக் கட்டத்திலும் இல்லை. முள்ளுக்கும் பேனாவுக்கும் நடுவிலுள்ள வெள்ளைக் கீற்றில்தான் அது போயிருக்கிறது. இலங்கையின் ஊவாவில், ஹாலிஎலப் பக்கம் கொழுந்து பறிக்கும் எந்த அக்காவிடம் காட்டினாலும் விரல் நேரே அந்த இடத்தில்தான் விழும்.

கிராபிக் நாவலின் உயிரே அந்த வெள்ளையில் இருக்கிறது என்பேன். சினிமாவில் காட்சி ஓடிவிடும். இங்கே வாசகர் நின்று, திரும்பிப் போய், இரண்டு எண்களையும் ஒத்துப் பார்க்கலாம். கட்டங்களுக்கு இடையில் நடப்பதை வாசகரே முடித்துக்கொள்கிறார் என்று ஸ்காட் மக்கிளவுட் 1993இல், படக்கதையாகவே வரைந்த ஒரு நூலில் விளக்கினார். அதனால் எதை வரையாமல் விடுவது என்றுதான் நான் அதிக நேரம் யோசிக்கிறேன்.

நம்மில் பலருக்குப் படக்கதை சிவகாசியிலிருந்து வந்தது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம், எந்தக் குமிழ் முதலில் என்று கண்ணுக்குப் பழக்கிவிட்டது. அந்தக் கடன் பெரியது. ஆனால் சாகசக் கதைக்கு வேகம் வேண்டும். தோட்டத்துக் கதையில் பாதி காத்திருப்பு. தண்ணீர் பிடிக்கும் பீலியடியை வரையும்போது ஒரே கோணத்தில், ஒரே அளவில் நான்கு கட்டம் போடுகிறேன். குடத்தில் தண்ணீர் மட்டும் ஏறும், வரிசை அசையாது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையை மேலேயிருந்து பார்க்கும் கோணத்தில் வரையவே கூடாது. அறை பெரிதாகத் தெரியும், அது பொய். கண்மட்டத்தில், கட்டத்தின் ஓரம் ஆட்களின் தோளை வெட்டும்படி வரைந்தால்தான் அந்த நெருக்கம் வரும்.

ஐ.நா. பணியாளராகக் கிளிநொச்சியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொல்லொக் வரைந்த ‘வன்னி’ என்ற கிராபிக் நாவல் 2019இல் வந்தது. இலங்கைப் போரில் தப்பியவர்களின் நேர்காணல்களிலிருந்து ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கியிருந்தார்கள். புகைப்படம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வரைந்த முகத்துக்குப் பின்னால் நின்று ஒருவர் உண்மை முழுவதையும் சொல்லலாம். நிறுவையைப் பற்றி வாய் திறந்தால் நாளை மலையில் என்ன நடக்குமோ என்று அஞ்சுகிறவருக்கும் அந்த மறைவு தேவை.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதை வரைய நேர்ந்தால் சரிவை வரையமாட்டேன். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அடுப்புப் புகை எழும் லய வரிசை. தாளைப் புரட்டினால் மண். நடுவில் நடந்ததை நான் வரைந்து காட்டினால் அது வேடிக்கையாகிவிடும்.

தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலிஎலவுக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில்தான் பிறந்தார். இந்த லயங்களின் வாழ்க்கையை அவர் கதைகளாகவும் நாவல்களாகவும் எழுதி வைத்துவிட்டார். அவற்றின் பக்கத்தில் கூசாமல் வைக்கத்தக்க ஒரு படநூலாவது ஊவாவிலிருந்து வரவேண்டும். அதற்காகத்தான் இப்போது ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்த ஒரு நாளைப் பன்னிரண்டு பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன்.