என்ன கான்சர், டொக்டர்?

எங்கட வீட்டு நாயின் பெயர் பிரவுனி. சாதி நாய் இல்லை. கொரோனா ஊரடங்கு நேரம் கேற்றுக்கு வெளியே வந்து படுத்தவள், பிறகு போகவே இல்லை. வயது ஆறோ ஏழோ இருக்கும்.

போன வருசம் அவளுக்கு இரத்தம் வடியத் தொடங்கியது. பருவத்துக்கு வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். பெட்டை நாய்களுக்கு அது ஒரு கிழமை, பத்து நாள் இருக்கும், மிஞ்சினால் மூன்று கிழமை. இது ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை. விறாந்தையில் சொட்டுச் சொட்டாக விழும், அம்மா டெற்றோல் போட்டுத் துடைப்பா. அப்பம்மா "உதை வீட்டுக்குள்ள விடாதேங்கோ" என்றா. நாய்க்குக் காலில் புண் என்றால் ஊரெல்லாம் மருந்து சொல்லும். பெட்டை நாய்க்கு அந்த இடத்தில் வருத்தம் என்றால் அதைப்பற்றிக் கதைக்கவே எங்கட வீடுகளில் ஒரு மாதிரி. மருந்துக்குக் கொண்டுபோகப் பிந்துவதற்கு இந்த வெட்கமும் ஒரு காரணம்.

முதலில் போன மிருக வைத்தியர் வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார், கர்ப்பப்பை இன்ஃபெக்‌ஷன் என்றார், ஐந்து நாளுக்குக் குளிசை தந்தார். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் முறை போனபோதுதான் பார்த்தார். உள்ளே சிவப்பாக, பூக்கோவா மாதிரி ஒரு தசை வளர்ந்திருந்தது.

"கான்சர். ஒப்பரேஷன் செய்தாலும் திரும்ப வரும். கிடந்து கஷ்டப்படாமல் ஊசியைப் போட்டு விடுவம். யோசிச்சிட்டு நாளைக்கு வாங்கோ."

அப்பா தலையாட்டினார். நான் கேட்டேன்: "என்ன கான்சர், டொக்டர்?"

"கான்சர் எண்டால் கான்சர்தான், தங்கச்சி."

"அதில கொஞ்சம் எடுத்து ரெஸ்ட் செய்து பார்க்கேலாதோ?"

"நாய்க்கு உதெல்லாம் ஆர் செய்யினம்?"

"அப்ப வேற ஒராளிட்டக் காட்டிப் பார்க்கட்டோ?"

"காட்டுங்கோ. காசுதான் வீண்."

அவரில் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. வெளியே வாங்கில் ஆட்டோடும் கோழியோடும் சனம் காத்திருந்தது. ஒரு நாய்க்கு ஐந்து நிமிசம்தான் அவரால் கொடுக்க முடிந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிசத்தில் ஒரு உயிரை முடிக்கிற முடிவை எடுக்கலாம் என்றால், இன்னொரு ஐந்து நிமிசம் கேட்பதில் என்ன பிழை?

ஓட்டோவில் வரும்போது அப்பா சொன்னார்: "டொக்டருக்குத் தெரியாததோ உனக்குத் தெரியப்போகுது?" நியாயமான கேள்விதான். வருத்தங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பிரவுனியைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் சாப்பாட்டை விடவில்லை. மெலியவில்லை. மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் இப்பவும் முதல் ஆளாய் ஓடுகிறாள். சாகப்போகிற நாயின் குணம் எதுவும் அவளிடம் இல்லை. இதுவும் ஒரு தகவல்தானே? அன்றிரவு கொப்பித் தாள் ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினேன்: இரத்தம் தொடங்கிய திகதி, கடைசியாகப் பருவத்துக்கு வந்த மாதம், கொடுத்த குளிசையின் பெயர், எத்தனை நாள், சாப்பாடு, நிறை. போனில் படமும் எடுத்து வைத்தேன்.

இரண்டாவது கிளினிக்கில் இருந்த டொக்டர் அந்தத் தாளை முழுக்க வாசித்தா. பிறகு இரண்டே கேள்விதான் கேட்டா. "கருத்தடை செய்ததோ? ரோட்டில திரியிறவளோ?" முதலாவதுக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஓம். கையுறை போட்டு, ஒரு கண்ணாடித் துண்டை அந்தத் தசையில் ஒற்றி எடுத்தா. அதற்குச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தா. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அதன் பெயர் ரி.வி.ரி. நாய்க்கு நாய் தொற்றுகிற கான்சர். கிருமியால் வருவதில்லை, கான்சர் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பெரும்பாலும் இணைசேரும்போது. மோப்பம் பிடிப்பதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும்கூட வரலாம். மனிசருக்குத் தொற்றாது. பல ஆயிரம் வருசங்களுக்கு முதல் வாழ்ந்த ஒரே ஒரு நாயில் தொடங்கிய செல்கள்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க நாய்களில் தொற்றிக்கொண்டிருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. டொக்டர் என்னையும் மைக்ரோஸ்கோப்பால் பார்க்க விட்டா. வட்ட வட்டமான செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்னக் குமிழிகள். பிரவுனியின் உடம்பில் இருந்தது உண்மையில் பிரவுனியே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விசயம்: மருந்தால் பெரும்பாலும் முற்றாகச் சுகமாகிற கான்சர்களில் இதுவும் ஒன்று. வின்கிறிஸ்ரின் என்ற மருந்தைக் கிழமைக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். அந்த மருந்து முதலில் எடுக்கப்பட்டது எங்கட வளவுகளில் தன்பாட்டில் பூத்துக் கிடக்கிற பட்டிப்பூச் செடியில் இருந்து. நித்தியகல்யாணி என்றும் சொல்லுவார்கள். சிறுபிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

லேசான வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஊசி நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடமே அழுகிவிடும், அதனால் அசையாமல் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முதல் இரத்தம் சோதிக்க வேண்டும். இரண்டாவது ஊசிக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்து, அடுத்ததை ஒரு கிழமை தள்ளிப்போட்டோம். அந்த நாட்களில் சத்தி எடுத்தாள், சோறு மணந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவளுடைய சத்தியையும் மூத்திரத்தையும் கையுறை போட்டுத்தான் துப்புரவாக்க வேண்டும். நான் ரியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு முழுக்கப் போனது. "நாய்க்கோ இவ்வளவு?" என்று கேட்காத ஆள் இல்லை. மூன்றாவது ஊசியோடு இரத்தம் நின்றது. ஆறாவதோடு தசை இருந்த இடமே தெரியவில்லை. பிறகு கருத்தடையும் செய்தோம்.

ஒருநாள் அந்த டொக்டரிடம் கேட்டேன், "இது வேற கான்சராய் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீங்கள்?"

"அந்த ஊசியைத்தான் நானும் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் என்னெண்டு பார்த்திட்டுச் சொல்லியிருப்பன்."

இதை நான் அடிக்கடி யோசிக்கிறேன். கேள்வி கேட்பதென்றால் நல்ல பதில் வரும்வரை டொக்டர் டொக்டராக ஏறி இறங்குவது இல்லை. சில வருத்தங்களுக்குக் கருணையான முடிவு அந்த ஊசிதான். அப்படி வந்திருந்தால் நான் கூட இருந்து அவளின் தலையைப் பிடித்திருப்பேன். எனக்குத் தேவைப்பட்டது, அது என்ன வருத்தம் என்று ஒருவர் பார்த்துச் சொல்வது மட்டும்தான்.

உங்கட வீட்டிலும் ஒரு பிரவுனி இருந்தால், இந்த நாலு கேள்வியையும் மனதில் வைத்திருங்கோ:

இந்த வருத்தம்தான் என்று எதை வைத்துச் சொல்லுறீங்கள்?

இது இல்லாமல் வேறு என்னவாய் இருக்கலாம்?

அதை உறுதிப்படுத்த என்ன ரெஸ்ட் இருக்கு, இங்க செய்யலாமோ?

மருந்து கொடுத்து எத்தனை நாளில் மாற்றம் தெரிய வேணும், தெரியாட்டில் அடுத்தது என்ன?

சண்டைக்குப் போகிற மாதிரிக் கேட்கத் தேவையில்லை. நல்ல வைத்தியருக்கு இந்தக் கேள்விகள் கரைச்சலே இல்லை. எழுதின தாள் ஒன்றையும் கொண்டு போங்கோ. நாய்க்கு வாய் இல்லை, அதன் கதையைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

போன மாதம் அப்பம்மாவைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கொப்பியில் புதிதாக ஒரு குளிசை எழுதியிருந்தார்கள். நாலு வருசமாய் எங்கட வீட்டில் ஒருவரும் அந்தக் கொப்பியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அப்பம்மாவுக்கு வாய் இருக்கு, ஆனால் டொக்டருக்கு முன்னால் அவ வாய் திறக்கமாட்டா. "இது என்னத்துக்கு டொக்டர், பழசை நிப்பாட்டிறதோ?" என்று நான் கேட்டேன். டொக்டர் கொப்பியைத் திருப்பிப் பார்த்து, பழசை நிற்பாட்டச் சொல்லி ஒரு கோடு கீறினார்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை.