பாதி திறந்தால் பாதி கிடைக்காது

மேட்டூர் அணைக் கணக்கோடு காலம் தள்ளியவர்களுக்கு 11,574 என்ற எண் தூக்கத்திலும் மறக்காது. விநாடிக்கு அத்தனை கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் அணையில் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, குறையும். காலை எட்டு மணி அளவீடு வந்ததும் வரத்து, வெளியேற்றம், இருப்பு மூன்றையும் எழுதிவிட்டால், தண்ணீர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். நாளைக்கும் இதே வரத்து இருக்குமா என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

அணை கொள்வது 93.47 டி.எம்.சி. பாசனக் காலமான ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் தேவை என்று வழக்கமாகச் சொல்வது 330. மீதிக்குக் குடகு, வயநாட்டு மழையையும் பிறகு வடகிழக்குப் பருவமழையையும் நிலத்தடி நீரையும் நம்ப வேண்டும். காவிரிப் படுகையின் மொத்த நீர் என்று நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட 740 டி.எம்.சி.யே 50 சதவீத நம்பகத்தன்மையில் போட்ட கணக்கு. இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் அதைவிடக் குறையும் என்பது தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் ஒவ்வொரு முறையும் எதிர்பாராதது நடந்ததுபோலப் பதறுகிறோம்.

2022-ல் மே 24 அன்றே அணை திறந்தது. 2023-ல் 100 அடிக்கு மேல் இருப்போடு ஜூன் 12-ல் திறந்து, பருவமழை பொய்த்து, அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி போலக் கிடந்த அணை, மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டது. இந்த மூன்று வருஷத்தின் சராசரியை வைத்துக்கொண்டு யாரும் நாற்று விட முடியாது.

இருப்பு இறங்கும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, திறப்பைப் பாதியாக்கலாம் என்பது. காகிதத்தில் அது நியாயமாகத்தான் தெரியும். ஆற்றில் நடப்பது வேறு. காய்ந்த மணல் முதலில் தன் பங்கைக் குடித்துவிடும். வாய்க்காலில் மட்டம் இறங்கினால் மதகுக்குத் தண்ணீர் ஏறாது. தலைமடைக்காரர் எப்படியாவது பாய்ச்சிக்கொள்வார். நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக்காரருக்குப் பாதி இல்லை, ஒன்றுமே இல்லை. அதனால் கல்லணையிலிருந்து காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து, திறக்கும் நாளில் முழு மட்டத்துக்கு ஓடவிடுவதே மேல். முறை வைத்தால் முதல் வாரம் வசவு விழும். விழட்டும்.

குடிநீரும் அப்படித்தான். குழாயில் போகும் அளவு சொற்பம். ஆனால் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கிணறுகள் ஆற்று மணலுக்குள் இருக்கின்றன. மணல் நனைந்தே இருந்தாக வேண்டும். அதற்காக விநாடிக்கு 1,000 கன அடி விட்டாலும் ஜனவரிக் கடைசியிலிருந்து ஜூன் 12 வரை ஏறக்குறைய 12 டி.எம்.சி. போய்விடும். ஜூன் மாதத்தில் குறுவைக்குக் கணக்குப் போடும்போதே இதைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால், அடுத்த கோடையில் யாரிடம் கேட்பது?

திறப்பு நாளை அறிவிக்கும் அரசு, எந்த மட்டத்துக்கு இறங்கினால் முறை வைக்கப்படும், எந்த மட்டத்தில் பாசனம் நிற்கும் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும். விதை வாங்குவதற்கு முன்னால் அது விவசாயிக்குத் தெரிய வேண்டும்.